மண் பாக்டீரியா எவ்வளவு தழைச்சத்து பிடிக்கிறது? வடசென்னைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எந்த முறை சரிப்படும்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் புராஜெக்ட் தலைப்புகளில் ஆண்டு தவறாமல் ஒன்று வரும்: ‘மண்ணிலிருந்து நைட்ரஜன் நிலைநிறுத்தும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தல்’. அதாவது, காற்றிலுள்ள நைட்ரஜனை (தழைச்சத்தை) பிடித்து அமோனியாவாக்கும் பாக்டீரியா. மண் மட்டும்தான் மாறும். ஒருவர் பொன்னேரி நெல்வயலுக்குப் போவார். இன்னொருவர் எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி வேரடியில் சேறு தோண்டுவார். அலைய விரும்பாதவர் கொடுங்கையூர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு பை மண்ணோடு வந்து நிற்பார். பிரித்தெடுக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. “சரி, இது எவ்வளவு நைட்ரஜன் பிடிக்கிறது?” என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால்தான் சிக்கல். நீல நிறமான குழாயின் படத்தைக் காட்டுவார்கள், அல்லது ஜெல் படத்தில் ஒரு பட்டையைக் காட்டுவார்கள். கேட்டது அளவு, காட்டியது வேறு ஏதோ.

இந்த வேலைக்குப் புழக்கத்தில் உள்ள முறைகளை, ஒரு சாதாரண வடசென்னைக் கல்லூரி ஆய்வகத்தில் இருந்துகொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. பி.ஓ.டி. இன்குபேட்டர், ஆட்டோகிளேவ், லேமினார், மொத்த நைட்ரஜனை அளக்கும் ஒரு ஜெல்டால் செட் இருக்கும். கேஸ் குரோமட்டோகிராப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) இருக்காது, இருந்தாலும் ரிப்பேரில் இருக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (எடையை வைத்து ஐசோடோப்புகளைப் பிரித்தறியும் கருவி) பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கையில் இருப்பது மூன்று நான்கு மாதம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த முறைகள் எல்லாம் ஒரே பொருளை அளப்பவை இல்லை. ஆகவே புராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் எந்த வாக்கியத்தை எழுதப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் முறையைத் தேட வேண்டும்.

முறைகளுக்குள் போகுமுன் நொதியைப் பற்றிக் கொஞ்சம். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியான நைட்ரஜனேஸ் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அமோனியாவாக்க 8 எலக்ட்ரானும் குறைந்தது 16 ஏடிபியும் (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவழிக்கிறது. கூடவே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் வெளியேறும். மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் 1971 முதல் அமோனியா தயாரிக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு நானூறு டிகிரிக்கு மேல் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அதே ஊர் மண்ணில் பாக்டீரியா இந்த வேலையைச் சாதாரண வெயிலில் முடித்துவிடுகிறது. ஆனால் அதற்கு இரண்டு பலவீனம். ஆக்சிஜன் பட்டால் நொதி கெட்டுவிடும். பக்கத்தில் அமோனியாவோ நைட்ரேட்டோ தாராளமாகக் கிடைத்தால், பெரும்பாலான பாக்டீரியா இந்த நொதியைச் செய்வதையே நிறுத்திவிடும். ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டு யார் 16 ஏடிபி செலவழிப்பார்கள்? கீழே வரும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது.

நைட்ரஜன் இல்லாத ஊடகம்

மிக மலிவானது, எல்லாரும் தொடங்குவது இதில்தான். ஊடகம் என்பது பாக்டீரியாவை வளர்க்கும் உணவுக் கலவை. தனித்து வாழ்ந்து நைட்ரஜன் பிடிக்கும் மண் பாக்டீரியாவான அசோடோபாக்டருக்கு ஜென்சன் அல்லது ஆஷ்பி ஊடகம். வேரடியில் வாழும் அசோஸ்பைரில்லத்துக்கு மாலேட்டும் (கார்பன் உணவு) புரோமோதைமால் புளூ என்ற சாயமும் சேர்ந்த அரைத்திட ஊடகம். இந்த இரண்டாவதை 1970களில் பிரேசிலில் யோஹானா டோபெரைனர் குழு உருவாக்கியது. பாக்டீரியா தனக்குத் தோதான அளவு ஆக்சிஜன் உள்ள ஆழத்தைத் தேடிப் போய், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வெள்ளைப் படலமாக நிற்கும். பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்தப் படலம் ஒரு நல்ல அறிகுறி. ஊடகம் பச்சையிலிருந்து நீலமாவதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். மாலேட்டைத் தின்னத் தின்ன பிஹெச் ஏறுகிறது, சாயம் நீலமாகிறது, அவ்வளவுதான். நீலத்தின் ஆழத்தையோ தட்டில் நீல வளையத்தின் விட்டத்தையோ அளந்து, ‘நைட்ரஜன் நிலைநிறுத்தும் திறன்’ என்று தலைப்பிட்ட அட்டவணைகளை நிறையப் பார்க்கலாம். அந்த எண்கள் சொல்வது கார்பன் உணவு எவ்வளவு தீர்ந்தது என்பதைத்தான்.

இன்னொரு ஓட்டை, நைட்ரஜன் ‘இல்லாத’ ஊடகத்திலும் நைட்ரஜன் இருப்பது. ஊடகத்தை உறையவைக்கும் அகாரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் உள்ள அமோனியாவும் கரையும். கொஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அதுவே போதும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஊரே பதறி ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அன்றாட ஆய்வகத்தில் அமோனியா வருவது அவ்வளவு தூரத்திலிருந்து இல்லை. பக்கத்து மேசையில் திறந்து வைத்த அமோனியம் ஹைட்ராக்சைடு புட்டி, தரை துடைக்கும் திரவம், தாழ்வாரக் கோடியில் உள்ள கழிப்பறை, இவை போதும். ஆகவே ஒரு தட்டில் வளர்ந்ததும் முடிவு கட்டக் கூடாது. அதே ஊடகத்தில் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி வளர்க்க வேண்டும். பக்கத்தில் நைட்ரஜன் பிடிக்கத் தெரியாத ஈ.கோலை பாக்டீரியா போட்ட ஒரு தட்டும் எப்போதும் இருக்க வேண்டும். அது வளர்ந்துவிட்டால் உங்கள் ஊடகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த முறையை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தெடுத்த ஐம்பது ரகங்களைப் பத்தாகக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எண் எதுவும் தராது.

இதோடு சேர்த்து ஒன்றை ஒதுக்கிவிடலாம். பெப்டோன் நீரில் வளர்த்து, நெஸ்லர் கரைசல் ஊற்றி, மஞ்சள் பழுப்பு நிறம் வந்ததும் ‘அமோனியா உற்பத்தி, பாசிட்டிவ்’ என்று எழுதும் சோதனை. பெப்டோன் என்பதே புரதத் துண்டுகள். அதைச் சிதைத்தால் அமோனியா வராமல் என்ன வரும்? காற்றிலுள்ள நைட்ரஜனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செடி வளர்ச்சிக்கு உதவும் குணம் என்று தனியாகக் குறிப்பிட்டால் குற்றமில்லை. நைட்ரஜன் நிலைநிறுத்தம் என்ற தலைப்பின் கீழ் அதற்கு இடமில்லை. சரி, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் வளர்த்துவிட்டு அமோனியாவை அளந்தால்? பெரும்பாலான இயற்கை ரகங்கள் பிடித்த அமோனியாவைத் தம் செல்லுக்குள்ளேயே புரதமாக்கிவிடும். வெளியே விடுவது சொற்பம். அங்கேயும் ஏமாற்றம்தான்.

ஜெல்டால்

1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் ஜெல்டால் கண்டுபிடித்த முறை. சல்ப்யூரிக் அமிலத்தில் வேகவைத்து, காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்து டைட்ரேட் செய்வது. ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இருக்கும், செலவும் குறைவு. மொத்த நைட்ரஜனை நேரடியாகவே அளக்கிறது, ஊகம் இல்லை. அப்புறம் ஏன் எல்லாரும் இதையே செய்துவிட்டுப் போகக் கூடாது?

மண்ணில் செய்தால் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு போதும். மண்ணில் மொத்த நைட்ரஜன் 0.08 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 800 மில்லிகிராம். நல்ல கைப்பழக்கம் உள்ளவருக்கும் ஜெல்டாலில் இரண்டு மூன்று சதவீதப் பிழை வரும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் இங்கேயும் அங்கேயும் போகும். ஒரு ஹெக்டேரின் உழவு மண் சுமார் இருபது லட்சம் கிலோ. அந்தப் பிழை மட்டுமே ஹெக்டேருக்கு 40 கிலோ நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 21 கிலோ நைட்ரஜன் என்றால், உங்கள் பிழைக்குள் இரண்டு மூட்டை யூரியா ஒளிந்திருக்கிறது. தனித்து வாழும் பாக்டீரியா ஒரு மாதத்தில் குடுவை மண்ணில் சேர்ப்பது அதற்குள் எங்கே தெரியும்? இரண்டு குடுவைக்கு இடையே வித்தியாசம் வந்தாலும் அது பாக்டீரியாவால் வந்ததா, டைட்ரேட் செய்த கையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ஆனால் தூய வளர்ப்பில், அதுவும் அசோடோபாக்டரில், ஜெல்டால் அருமையான முறை. தொடக்கத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் சேர்ந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் இதை ஒட்டித்தான் போகிறது: உயிர் உரமாக விற்கும் அசோடோபாக்டர் ரகம், தான் உண்ட ஒவ்வொரு கிராம் சுக்ரோஸுக்கும் குறைந்தது 10 மில்லிகிராம் நைட்ரஜனைப் பிடிக்க வேண்டும். ஜென்சன் ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் சுக்ரோஸ். 100 மில்லி குடுவையில் 2 கிராம். முழுவதும் தீர்ந்தால் 20 மில்லிகிராம் நைட்ரஜன் எதிர்பார்க்கலாம். அதில் 10 மில்லி எடுத்து வேகவைத்தால் 2 மில்லிகிராம். 0.02 நார்மல் அமிலத்தில் டைட்ரேட் செய்தால் ஏழு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. பியூரெட்டில் நிம்மதியாகப் படிக்கக்கூடிய அளவு.

இரண்டு எச்சரிக்கை. ‘உண்ட’ சுக்ரோஸுக்கு என்றுதான் கணக்கு. ஊற்றிய சுக்ரோஸுக்கு என்றில்லை. மீதிச் சர்க்கரையை அளக்காமல் இந்த எண்ணை எழுத முடியாது. அப்புறம், விதையாக இட்ட வளர்ப்பை நைட்ரஜன் உள்ள ஊடகத்திலிருந்து எடுத்தால் அந்த நைட்ரஜனும் கூடவே வரும். கழுவிப் போடுங்கள். விதையிட்ட உடனே ஒரு குடுவையை எடுத்து வேகவைத்து, அதன் அளவைக் கழித்துவிடுங்கள்.

அசோஸ்பைரில்லத்துக்கு இதே ஆணை கேட்பது அரைத்திட ஊடகத்தில் வெள்ளைப் படலத்தை மட்டும்தான். ஆகவே உயிர் உரம் தயாரிக்கும் சிறு நிறுவனத்துக்குத் தரச்சோதனை செய்து தரும் வேலை என்றால் பெரிய கருவிகளைத் தேடி அலையவே வேண்டாம். செல் எண்ணிக்கை, படலம், ஜெல்டால். அதோடு முடிந்தது.

அசிட்டிலீன் முறை

1966இல் ஆஸ்திரேலியாவில் டில்வொர்த்தும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஷோல்ஹார்ன், பரிஸ் இருவரும் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். நைட்ரஜனேஸ், நைட்ரஜனுக்குப் பதிலாக அசிட்டிலீனையும் பிடித்துக்கொள்ளும். அதை எத்திலீனாக்கி விட்டுவிடும். எத்திலீனை கேஸ் குரோமட்டோகிராபில் மிகச் சிறிய அளவிலும் பார்த்துவிடலாம். 1968இல் ஹார்டியும் கூட்டாளிகளும் இதை மண்ணுக்கும் வேர்முடிச்சுக்கும் ஏற்ற சோதனையாக்கினார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க இந்தத் துறையின் வேலைக் குதிரை இதுதான்.

எவ்வளவு நுட்பம் என்றால், வளர்ப்புக்கு மேலே 50 மில்லி காற்றுக்கான இடம் உள்ள குப்பியில் எத்திலீன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் அது சுமார் 2 நானோமோல். குரோமட்டோகிராபில் வாயுவை உணரும் சாதாரண எஃப்.ஐ.டி. அதைச் சிரமமில்லாமல் காட்டும். ஜெல்டால் கனவிலும் காணாத அளவு. சில மணி நேரத்தில் விடை வரும்.

வடசென்னையில் இந்த முறைக்கு வேண்டியவற்றில் பாதி தெருவிலேயே கிடைக்கிறது. காசிமேட்டுப் படகுப் பட்டறைகளிலும் வெல்டிங் கடைகளிலும் அசிட்டிலீன் சிலிண்டர் உண்டு. ஆனால் அந்த சிலிண்டருக்குள் அசிட்டிலீன் அசிட்டோனில் கரைந்து நிற்கிறது. அசிட்டோன் ஆவியும் கொஞ்சம் கூடவே வரும். கால்சியம் கார்பைடில் நீர் விட்டு நாமே தயாரிப்பதும் உண்டு. ஒரு கிராம் கார்பைடு கால் லிட்டருக்கு மேல் வாயு தரும், ஒரு நாள் வேலைக்கு அதுவே மிஞ்சும். அதில் பாஸ்பீன் போன்ற கழிவு வாயுக்கள் இருப்பதால் அமிலத்திலும் நீரிலும் குமிழவிட்டுப் பிடிக்க வேண்டும். பிடித்து வைக்கக் கால்பந்து பிளாடரைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். வியாசர்பாடிப் பக்கம் அதற்கு என்ன பஞ்சம்? எந்த வழியில் எடுத்தாலும் அதில் ஏற்கெனவே கொஞ்சம் எத்திலீன் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அசிட்டிலீன் காற்றில் 2.5 சதவீதத்திலிருந்தே தீப்பிடிக்கும். நாம் குப்பியில் செலுத்துவது 10 சதவீதம். அதாவது ஒவ்வொரு குப்பியும் எரியக்கூடிய கலவை. பன்சன் பர்னர் எரியும் அறையில் இதைச் செய்யக் கூடாது. செம்புக் குழாய் கூடவே கூடாது. வெடிக்கும் உப்பு உண்டாகும். சென்னைக் கல்லூரிகளில் பலவற்றில் வாயு சிலிண்டர் வைக்கத் தனி இடம் கிடையாது என்பதால் கார்பைடில் கொஞ்சமாகத் தயாரிப்பதே மேல் என்பது என் எண்ணம்.

அடுத்தது குரோமட்டோகிராப். நம் பக்கம் இல்லையென்றால் கிண்டிக்கோ தரமணிக்கோ போக வேண்டும். ஐஐடி சென்னையில் வெளியாருக்கும் கட்டணத்துக்கு மாதிரி சோதித்துத் தரும் கருவி மையம் இருக்கிறது. குப்பிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வாயுவைச் சிரிஞ்சில் எடுத்து, பியூட்டைல் ரப்பர் மூடியிட்ட வெற்றிடக் குழாய்க்கு மாற்றினால் சில நாள் தாங்கும். அளவு தெரிந்த எத்திலீனை அதே போன்ற இரண்டு குழாயில் அடைத்து அதே பெட்டியில் அனுப்புங்கள். அது குறைந்து போயிருந்தால் உங்கள் மாதிரியும் வழியில் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எரியும் வாயு என்பதால் மெட்ரோவில் எடுத்துப் போகாமல் கல்லூரி வண்டியைக் கேளுங்கள்.

இனி இதன் குறைகள். பல ஆய்வேடுகள் சறுக்குவது இங்கேதான்.

முதலாவது, மாற்று விகிதம். எலக்ட்ரான் கணக்குப்படி மூன்று எத்திலீனுக்கு ஒரு நைட்ரஜன். வெளியேறும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் நான்குக்கு ஒன்று. உண்மையில் மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் இது வெகுவாக மாறுகிறது. ஒரு குப்பியில் 60 நானோமோல் எத்திலீன் வந்தது என்றால், மூன்றால் வகுத்தால் 0.56 மைக்ரோகிராம் நைட்ரஜன், நான்கால் வகுத்தால் 0.42. காகிதத்திலேயே இவ்வளவு வித்தியாசம். என் யோசனை, வகுக்கவே வேண்டாம். ‘ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு, இத்தனை நானோமோல் எத்திலீன்’ என்று அப்படியே எழுதுங்கள். பத்து ரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று பெருக்கிக் கொண்டுபோவது வீண் துணிச்சல்.

இரண்டாவது, அசிட்டிலீன் சும்மா இருக்கும் பார்வையாளன் இல்லை. மண்ணில் பிற பாக்டீரியாவின் வேலையையும் அது தடுக்கிறது. மண்ணில் இயல்பாகவே எத்திலீன் பிறக்கும், அதை வேறு சில பாக்டீரியா தின்றுவிடும். அசிட்டிலீன் அந்தத் தின்பதை நிறுத்திவிடுகிறது. ஆக, அசிட்டிலீன் போடாத கட்டுப்பாட்டுக் குப்பியில் எத்திலீன் சேராது, போட்ட குப்பியில் சேரும். நைட்ரஜனேஸ் ஒன்றுமே செய்யாவிட்டாலும். மண்ணை நீண்ட நேரம் அடைத்து வைக்கும் சோதனையில் இது பெரிய பொறி.

எண்ணூர்ச் சேற்றில் இது இன்னும் மோசமாகும். அங்கே காற்றில்லாத சேற்றில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா ஏராளம். அவற்றில் பலவும் நைட்ரஜன் நிலைநிறுத்துபவை. அசிட்டிலீன் அவற்றையே ஒடுக்கிவிடும். அளக்கப் போனவரையே மயக்கிப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று எழுதுவதாக முடியும். சேற்றுக்கு அசிட்டிலீன் முறையை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தூய வளர்ப்பில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். அசோடோபாக்டர் நல்ல காற்றிலேயே வேலை செய்யும். அசோஸ்பைரில்லத்தைத் திரவ ஊடகத்தில் குலுக்கி வளர்த்தால் எத்திலீன் பூஜ்யம்தான் வரும். நல்ல ரகத்தையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள். அரைத்திட ஊடகத்தில் படலம் உருவான பிறகு, அதைக் கலைக்காமல் பஞ்சை எடுத்துவிட்டு ரப்பர் மூடி போட்டு, காற்றில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சி அதே அளவு அசிட்டிலீனை மெல்லச் செலுத்த வேண்டும். குப்பியை ஆட்டக் கூடாது.

கட்டுப்பாடுகள் ஐந்து: வளர்ப்பு உண்டு அசிட்டிலீன் இல்லை, அசிட்டிலீன் உண்டு வளர்ப்பு இல்லை, கொன்ற வளர்ப்போடு அசிட்டிலீன், நிச்சயம் நைட்ரஜன் பிடிக்கும் ஒரு ரகம், நிச்சயம் பிடிக்காத ஈ.கோலை. பிடிக்கும் ரகத்தைச் சண்டிகர் இம்டெக் நிறுவனத்தின் நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து வாங்கலாம், ஆனால் தபாலில் வந்து உயிர்ப்பித்து எடுக்க வாரங்கள் ஆகும் என்பதால் முதல் மாதமே எழுதிப் போடுங்கள். இரண்டாவது கட்டுப்பாட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆட்டோகிளேவ் செய்த ரப்பர் மூடியே கொஞ்சம் எத்திலீன் கக்கும் என்பது அப்போதுதான் தெரியவரும். ஒரே நேரத்தில் எடுக்காமல் மூன்று நான்கு நேரங்களில் வாயு எடுத்து, ஏற்றம் நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நைட்ரஜன்-15

நேரடிச் சான்று என்றால் இது ஒன்றுதான். 1941இலேயே பரிஸும் மில்லரும் இதைச் செய்து காட்டினார்கள். இயற்கை நைட்ரஜனில் கனமான ஐசோடோப்பு 0.366 சதவீதம்தான். அதைச் செறிவாக்கிய வாயுவைக் குப்பியில் அடைத்து, சில நாள் கழித்து மண்ணிலோ செல்லிலோ அது ஏறியிருக்கிறதா என்று ஐசோடோப்பு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்பது. ஏறியிருந்தால் காற்றிலிருந்து வந்ததைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

முன்பு பார்த்த 800 மில்லிகிராம் மண்ணையே எடுத்துக்கொள்வோம். குப்பிக் காற்றில் 50 சதவீதம் கன ஐசோடோப்பு இருந்து, கருவி 0.366க்கும் 0.367க்கும் வித்தியாசம் காணும் என்றால், கிலோவுக்கு 0.016 மில்லிகிராம் புதிதாகச் சேர்ந்திருந்தாலும் பிடித்துவிடும். ஜெல்டாலின் பிழை 20 மில்லிகிராம். ஆயிரம் மடங்குக்கு மேல் நுட்பம். இது காகிதக் கணக்கு. மண்ணின் ஏற்றத்தாழ்வால் நடைமுறையில் குறையும். ஆனாலும் பக்கத்தில் நிற்கக்கூட வேறு முறை இல்லை.

தடை, விலை. வாயு இறக்குமதிச் சரக்கு. கருவி நாட்டில் சில இடங்களில்தான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. ஆனால் ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. அசிட்டிலீன் முறையில் வாயுவைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். இதில் குப்பியைத் திறந்து, மண்ணை உலர்த்திப் பொடித்து, கூரியரில் அனுப்பினால் போதும். மழையானாலும் விடுமுறையானாலும் பொடி காத்திருக்கும். ஆகவே ஒரு சிலிண்டரை இரண்டு மூன்று கல்லூரிகள் பகிர்ந்து, ஆளுக்கு ஆறு எட்டு மாதிரி என்று வைத்துக்கொண்டால் நடக்காத காரியம் இல்லை.

வாயு தூய்மையானதா என்றும் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வரும் சில சிலிண்டர்களில் அதே கன ஐசோடோப்பு அமோனியமாகவும் நைட்ரேட்டாகவும் கலந்திருப்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த அமோனியத்தை பாக்டீரியா உறிஞ்சினாலே நைட்ரஜன் நிலைநிறுத்தம் நடந்தது போலத் தோன்றிவிடும். நீர்த்த அமிலத்தில் கழுவிய பின்பே வாயுவைப் பயன்படுத்துங்கள். கொன்ற மண்ணோடு ஒரு குப்பியும் கட்டாயம் வையுங்கள்.

மரபணு

நைட்ரஜனேஸின் ஒரு பகுதியைச் செய்யும் நிஃப்-ஹெச் மரபணுவை பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் முறையில்) பெருக்கிப் பார்ப்பது இன்று வாயு அளப்பதைவிட எளிதாகிவிட்டது. பிரைமர் வாங்கி, ஜெல் ஓட்டி, டிஎன்ஏ வரிசையைப் படித்துத் தர வெளி ஆய்வகத்துக்குக் கொடுத்தால் வேலை தீர்ந்தது. அதனாலேயே எல்லாரும் அங்கே போகிறார்கள். வீட்டில் தையல் மெஷின் இருப்பதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை ரவிக்கை தைத்தார்கள் என்று எழுதுவது போலத்தான் இது.

கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்து மண்ணை எடுங்கள். சாக்கடை அமோனியம் ஊறிய மண். மரபணு இருக்கும், பட்டை பளிச்சென்று வரும். அதே மண்ணை அப்படியே குப்பியில் அடைத்து அசிட்டிலீன் போட்டால் எத்திலீன் ஏறக்குறைய வராது, ஏனென்றால் அங்கே யாருக்கும் காற்றிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை இல்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த ரகத்தை நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் போட்டால் நன்றாகவே பிடிக்கும். மூன்று விடையும் சரி. முதலாவது இருப்பு, இரண்டாவது அந்த மண்ணில் இன்று நடப்பது, மூன்றாவது வாய்ப்புக் கொடுத்தால் செய்யக்கூடியது. எதைக் கேட்டோம் என்று தெரியாமல் மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால்தான் முரண் போலத் தெரியும். பிசிஆர் ரசாயனங்களிலேயே இந்த மரபணு மாசாக ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு; டெம்ப்ளேட் (மாதிரி டிஎன்ஏ) போடாத குழாயில் பட்டை வருகிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. எந்த இனம் என்று அறிய இந்த முறை நல்லது. அளவுக்கு இதை நான் சேர்ப்பதில்லை.

யூரைடு (சில பயறுச் செடிகளில் ஓடும் நைட்ரஜன் சேர்மம்) அளப்பது, இயற்கை ஐசோடோப்பு விகிதம் பார்ப்பது எல்லாம் பயறுச் செடியை வைத்துச் செய்பவர்களுக்கு. தனித்து வாழும் மண் பாக்டீரியாவுக்கு அவை பொருந்தாது.

அப்படியானால் எதை எடுப்பது?

பொன்னேரி நெல்வேரிலிருந்து அசோஸ்பைரில்லம் பிரித்து, எது சிறந்த ரகம் என்று சொல்ல வேண்டுமா? அரைத்திட ஊடகத்தில் வடிகட்டி, மிஞ்சும் பத்துப் பன்னிரண்டை அசிட்டிலீன் முறையில் ஒப்பிடுங்கள். மாணவர் புராஜெக்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான், ஆகவே பொதுவாக என் பரிந்துரை இதுவே. மொட்டைமாடித் தொட்டியின் அசோடோபாக்டர் என்றால் வெளியே எங்கும் போகாமல் ஜெல்டாலில் முடித்துவிடலாம். சர்க்கரைக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்தால் ஆணை சொல்லும் 10 மில்லிகிராமோடு நேராக ஒப்பிட முடியும் என்பது கூடுதல் லாபம்.

எண்ணூர்ச் சேற்றில் ‘இங்கே நைட்ரஜன் நிலைநிறுத்தம் நடக்கிறது’ என்ற வாக்கியத்தை எழுத ஆசைப்பட்டால் நைட்ரஜன்-15க்குப் பணம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். சேற்றிலிருந்து பிரித்த தூய ரகங்களின் திறன் என்று தலைப்பைச் சுருக்கினால் ஊடகமும் அசிட்டிலீனும் போதும், யாரும் குறை சொல்ல முடியாது. அப்போதும் உப்பின் அளவைச் சேற்றில் இருப்பதற்கு ஏற்ப ஊடகத்தில் வையுங்கள். நன்னீர் ஊடகத்தில் வளராத ரகத்தைத் திறனற்றது என்று எழுதிவிடுவார்கள்.

குரோமட்டோகிராப் நேரத்துக்குப் பணம் கட்டும் முன் அந்த ஆய்வகத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வாயுக்களைப் பிரிக்கும் குழாய் (column) எது மாட்டியிருக்கிறது? பொராபேக்-என் வகையில் எத்திலீன் முதலில் வரும், அதன் பின்னால் அசிட்டிலீனின் பெரிய மலை வரும். சின்னது முன்னால் வருவதால் படிக்க எளிது. வேறு சில குழாய்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து, எத்திலீன் அந்த மலைக்குள் புதைந்துவிடும். மாற்றித் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.